கேள்வி – பதில்: விட்ட இடத்திலிருந்து மீண்டும் கல்லூரி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. நான்கும் வடசென்னையிலிருந்து வந்தவை. ஆகவே வழக்கமான பலவகைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. 2004-இல் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் தந்தை காலமானார். அதோடு படிப்பு நின்றது. அடுத்த ஆண்டே திருமணம். கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். நான் பத்து ஆண்டுகளாக எம்.சி. ரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் பில் போடுவதிலிருந்து ஜி.எஸ்.டி. கணக்கு வரை பார்க்கிறேன். சரக்குப் பெட்டக நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை இருக்கிறது என்றார்கள்; பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் மகள் இப்போது பிளஸ் 2. "பேரப்பிள்ளை எடுக்கப்போகும் வயதில் அம்மாவும் பொண்ணும் சேர்ந்து கல்லூரிக்குப் போகப்போகிறீர்களா?" என்கிறார் மாமியார். பழைய கல்லூரியிலேயே விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? அங்கே என் பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழ் இன்னும் இருக்கிறது. அதைக் கேட்கப் போகவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக நீங்கள் எழுதியிருப்பதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை. மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம்.

அந்தக் காலத்தில் கல்லூரியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கமாக இருந்தது. பாதியில் நின்றவர்கள், கட்டணப் பாக்கியோ கூச்சமோ காரணமாக, அவற்றைத் திரும்பக் கேட்காமலே போய்விட்டார்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு இப்போது தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நீங்கள் சேர்ந்த ஆண்டு, பாடப்பிரிவு, தந்தையின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கையில் இருக்கும் பழைய அடையாள அட்டையோ கட்டண ரசீதோ எதுவாயினும் எடுத்துக்கொண்டு, கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதத்துடன் செல்லுங்கள். தேர்வுக் காலத்திலும் மாணவர் சேர்க்கைக் காலத்திலும் செல்ல வேண்டாம். அந்த வாரங்களில் பழைய கோப்பைத் தேட அலுவலகத்தில் எவருக்கும் நேரம் இருக்காது. மதிப்பெண் சான்றிதழோடு மாற்றுச் சான்றிதழையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள். நான் மாலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பித்த காலத்தில், பதினாறு ஆண்டுகள் கழித்து இப்படி வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார், அலுவலக உதவியாளர் பத்து நிமிடத்தில் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இவ்ளோ நாள் எங்க சார் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். அங்கே கோப்பு தேடுகிறவருக்கு நீங்கள் ஏன் நின்றீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இனி, விட்ட இடத்திலிருந்து தொடர்வது. வெளிப்படையாகச் சொல்கிறேன்: அந்த வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது பழைய நிலுவைப் பாடங்களை எழுதச் சிறப்பு வாய்ப்பு அளிப்பதுண்டு. ஆனால் அது மூன்றாண்டு வகுப்புகளையும் முடித்துவிட்டுச் சில தாள்களில் மட்டும் தேறாமல் இருப்பவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படும். நீங்கள் இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே நின்றவர். உங்கள் காலத்துப் பாடத்திட்டமும் இன்று இல்லை. மாணவர் பெறும் புள்ளிகளை இணையத்தில் சேமித்து வைக்க இப்போது நடைமுறையில் இருக்கும் கல்விப் புள்ளி வங்கியிலும் ஒருவர் பெற்ற புள்ளிகள் அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உங்களுடைய 2004-ஆம் ஆண்டு மதிப்பெண்களுக்கு அங்கே இடமில்லை. மேலும் பகல்நேரக் கல்லூரி என்றால் 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். கடையை விடாமல் அது நடக்காது. ஆகவே பிளஸ் 2 சான்றிதழை வைத்துக்கொண்டு, தொலைநிலைக் கல்வியில் முதலாம் ஆண்டிலிருந்து புதிதாகச் சேர்வதே நேர்வழி. ஒன்றரை ஆண்டுப் படிப்பு வீணாகிறதே என்று தோன்றும். அது 2004-லேயே வீணாகிவிட்டது; இப்போது புதிதாக எதையும் நீங்கள் இழக்கவில்லை.

எங்கே சேர்வது என்பதற்கு உங்களுக்கு எட்டும் தொலைவில் மூன்று இடங்கள் உள்ளன. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. 2002-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சைதாப்பேட்டையில் இறங்கலாம். 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் சென்னையில் மண்டல மையம் உண்டு. கட்டணம், பயிற்றுமொழி, அருகிலுள்ள கற்றல் மையம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முறைப்படி அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்பது மானியக் குழுவின் விதி. உங்களைத் திருப்பியனுப்பிய நிறுவனத்தில் இதைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கையின்போது பெண்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர்வோர், கல்விப் புள்ளி வங்கிக் கணக்கோடு இணைந்த ஓர் அடையாள எண்ணை இணையத்தில் பெற்றாக வேண்டும். அந்தக் கணக்கு ஆதாரிலிருக்கும் பெயரை வைத்துத் திறக்கப்படுகிறது. உங்கள் மதிப்பெண் சான்றிதழில் தந்தையின் இனிஷியல் இருக்கும். திருமணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் இனிஷியலோ, அவருடைய முழுப் பெயரோ இருக்கும். நம் ஊரில் இனிஷியலுக்குக் கொடுக்கும் இடத்தைக் கணினி கொடுப்பதில்லை. "எஸ்" முன்னால் வந்தால் ஒருவர், பின்னால் வந்தால் இன்னொருவர் என்று எடுத்துக்கொள்கிறது. பட்டச் சான்றிதழில் பள்ளிச் சான்றிதழின் பெயரே தொடரும் என்பதால், அதற்கு ஏற்ப ஆதாரைத் திருத்திக்கொள்வதே எளிது. விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் இந்தத் திருத்தத்துக்கு ஓடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்த அடுத்த வாரமே ஆதார் சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பதைவிட முன்னால் இருக்கிறீர்கள். நீங்கள் கல்லூரியில் இருந்தபோது தமிழ்நாட்டில் நடப்பிலிருந்தது 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். பிறகு 2007-இல் மதிப்புக்கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது, இடையில் 2013-இல் கம்பெனிச் சட்டமும் புதிதாயிற்று. பத்தொன்பது வயது மாணவர், வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு என்பதை நூலில் படித்து மனப்பாடம் செய்வார். நீங்கள் மாதந்தோறும் கடைக்காக அதைச் சரிபார்த்து, பொருந்தாத பில்லுக்குச் சூரத்துக்கோ ஈரோட்டுக்கோ தொலைபேசியில் பேசிச் சண்டையும் போட்டிருப்பீர்கள். குறிப்பேடும் பேரேடும் உங்களுக்குப் பழக்கமானவை. உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது வணிகப் புள்ளியியலும் செலவுக் கணக்கியலும்தான். அவற்றைச் சேர்க்கைக்கு முன்பிருந்தே மெல்லத் தொடங்கலாம்.

அடுத்ததாக நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். ஆனாலும் இதை வலியுறுத்தாமல் விடுவதில்லை. கையெழுத்து. மூன்று மணி நேரம் உட்கார்ந்து இடைவிடாமல் எழுதி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? வேலைக்குச் செல்வோரின் கை இன்று கையொப்பம் போடும், விசைப்பலகையில் தட்டும். முழு வாக்கியங்களாகப் பக்கம் பக்கமாக எழுதாது. விடை தெரிந்திருந்தும் கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரம் போதாமல் தேர்வு அறையிலிருந்து எழுந்து வந்த மூத்த மாணவர்களை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அவர்கள் தவறிய தாள்கள் பெரும்பாலும் கை தளர்ந்ததால் தவறியவையே. நாளொன்றுக்கு ஒரு பக்கம், பேனாவால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். செய்தித்தாளைப் பார்த்து எழுதினாலும் போதும். ஒரு மாதத்தில் ஒரு பக்கத்தை இரண்டாக்குங்கள். நடு விரலில் மீண்டும் காய்ப்பு வந்தால் நீங்கள் தேர்வுக்குத் தயார் என்று பொருள்.

நேரத்தைப் பற்றி. எம்.சி. ரோட்டில் வேலை செய்பவருக்கு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடாது. ஆடித் தள்ளுபடியும் அதைத் தொடர்ந்து தீபாவளியும் வந்தால் இரவு பத்து மணிக்குக்கூடக் கடையை விட்டுக் கிளம்ப முடியாது. பொங்கல் கழிந்த பிறகு மூச்சு விடலாம். நான் சொன்ன தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வுகள் நடக்கின்றன. மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்புக்கும், 70 விழுக்காடு தேர்வுக்கும் உரியவை. டிசம்பர்த் தேர்வுக்கான ஒப்படைப்புகளின் கெடு பெரும்பாலும் தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில்தான் வரும். ஆகவே அவற்றை ஆடி பிறக்கும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள். கடினமான தாள்களை ஜூன் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் மே வரை உங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் அதன் தேர்வு அட்டவணையையும் கடையின் காலண்டரையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மூன்றாண்டுப் படிப்பை முடிக்க அதைவிடக் கூடுதல் ஆண்டுகள் தருகிறார்கள். நான்கு ஆண்டுகள் ஆனாலும் 45 வயதில் பட்டம் கையில் இருக்கும்.

மாமியாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு அடுப்படியில் யார் நிற்பது என்பதற்கு வீட்டில் ஒரு முடிவு வேண்டும். படிப்பு நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கணவர் துறைமுக வாசலில் வண்டியோடு வரிசையில் காத்திருக்கும் இரவுகளில் வீட்டு வேலை மொத்தமும் உங்கள் தலையில் விழும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம், கதவு சாத்திய ஓர் அறை அல்லது மொட்டை மாடி: இதை மட்டும் கேட்டு வாங்குங்கள். மகளும் அதே நேரத்தில் படிக்க உட்கார்ந்தால் இன்னும் நல்லது. அவள் கட்டணத்தோடு உங்கள் கட்டணமும் சேருமே என்ற கவலையைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தொலைநிலைக் கட்டணத்தை ஆண்டுக்கு ஒருமுறையோ பருவத்துக்கு ஒருமுறையோ கட்டலாம். கடையில் தரும் தீபாவளி போனஸில் ஒரு பகுதியை அதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் மகளின் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்காது.

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக மூன்று ஷிப்டிலும் வேலை செய்கிறேன். வயது 30. பத்தாம் வகுப்புத் தேறியவன். பிளஸ் 2 படிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கி அரசுத் தேர்வு எழுதலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், மணலி

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை, மீதிப் பாதியால்தான் பலருடைய ஐந்தாறு ஆண்டுகள் போயிருக்கின்றன. பிளஸ் 2 இல்லாதவர்களையும் ஓர் அடிப்படைப் படிப்பின் வழியாகப் பட்ட வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் முறை திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்துவந்தது. அப்படிப் பெறும் பட்டம் அறிவுக்குக் குறைவானது அல்ல. ஆனால் தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2009 ஆகஸ்டில் வெளியிட்ட 107-ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 ஆகியவற்றை முடித்த பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டத்தையே அரசுப் பணிக்கு ஏற்கிறது. படி தாண்டி ஏறியவரின் பட்டம் விண்ணப்பத்தில் இடம்பெறும். சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும். தேர்வில் வென்று, தரவரிசையில் வந்து, சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்படுவதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவே உங்கள் நோக்கம் அரசுப் பணி என்றால், மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டு, அதன் பிறகு பட்டத்தில் சேருங்கள். தனித்தேர்வர்களுக்கான விதிகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒவ்வொரு தேர்வுக்கும் அறிவிக்கிறது. அதன் சேவை மையத்தில் நேரில் கேட்டு விண்ணப்பியுங்கள். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு இட ஒதுக்கீட்டை எதிர்பார்க்கிறீர்களானால், பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்; தனித்தேர்வராக எழுதித் தேறியவருக்கு அது கிடைக்குமா என்பதையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுங்கள். பணிக்கேற்பவும் பிரிவுக்கேற்பவும் வயது வரம்பு மாறும். 30 வயதில் இருப்பவர் அதை முதலில் பார்த்துவிட்டே ஆண்டுக் கணக்கைப் போட வேண்டும். நோக்கம் அரசுப் பணி இல்லை, ஆலையிலேயே மேற்பார்வையாளர் ஆவதுதான் என்றால், அங்கே என்ன தகுதி கேட்கிறார்கள் என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கலைப் பட்டத்தைவிட ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழ் அங்கே பயன்படலாம்.

ஷிப்டில் இருப்பவருக்கு ஒரு சொல்: தினமும் இன்ன மணிக்குப் படிப்பேன் என்று அட்டவணை போடாதீர்கள், ஒரே வாரத்தில் அது உடையும். வேலை முடிந்து தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஷிப்ட் எதுவாக இருந்தாலும் அது மாறாது. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் தூங்குவதற்கு முன் படித்தது மனத்தில் நிற்காது.

கேள்வி: "ஒரே ஆண்டில் பட்டம், தேர்வு எழுத வர வேண்டாம், பழைய ஆண்டுத் தேதியிட்டும் தருகிறோம்" என்று எங்கள் தெருவில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகமாம். நம்பலாமா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: நம்பக் கூடாது. மூன்றாண்டுப் பட்டத்தை ஓர் ஆண்டில் தர எவருக்கும் அனுமதி இல்லை. பழைய தேதியிட்ட சான்றிதழ் என்பது குற்றம், வாங்கியவரும் சிக்குவார். தொலைநிலைப் படிப்பு நடத்தும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே மையம் வைக்கக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதி. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்ற பட்டியல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. மூன்றையும் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே செலுத்துங்கள். தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

கேள்வி: பெரம்பூர் ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 1984-இல் பி.ஏ. வரலாறு முடித்தவன். இப்போது தொலைநிலையில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன். வார இறுதி வகுப்புகளுக்குப் போனால் பிள்ளைகள் "அங்கிள்" என்கிறார்கள். என் மகன் வயதுள்ள ஆசிரியர் என்னை "சார்" என்கிறார், நானும் அவரை "சார்" என்கிறேன். சங்கடமாக இருக்கிறது. ஆண்டுகளும் நினைவில் நிற்பதில்லை. தொடரலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, ஆசிரியரை நீங்கள் "சார்" என்று அழைப்பதே முறை, அவர் உங்களைப் பெயரோடு "ஐயா" சேர்த்தோ "சார்" என்றோ அழைப்பதும் முறையே. இருவரும் ஒருவரையொருவர் "சார்" என்று அழைத்துக்கொள்வதில் எவருக்கும் குறைவில்லை. வகுப்பில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் பாடம் நடத்தும்போது, "எங்க காலத்துல" என்று எழுந்து ஐந்து நிமிடம் பேசிவிடாதீர்கள். மூத்த மாணவர்களிடம் இளம் ஆசிரியர்கள் உள்ளுக்குள் அஞ்சுவது இதற்குத்தான், நானும் அஞ்சியிருக்கிறேன். பிள்ளைகளின் "அங்கிள்" இரண்டு மாதத்தில் மாறும். யாரிடம் ஒழுங்கான குறிப்புகள் இருக்கின்றன என்பது தேர்வு நெருங்கும்போது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டுகள் மறப்பதற்கு மருந்து, அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் நீங்கள் அறிந்த இடங்களோடு கட்டி வைப்பது. ராயபுரம் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். அதை வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு, 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது தானாக வந்து சேரும். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டது உங்கள் பெரம்பூரில்; அதே ஆலையில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது 1921-இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் முதல் உலகப் போரின் முடிவு, ஜாலியன்வாலாபாக், ஒத்துழையாமை இயக்கம் ஆகிய மூன்றையும் வைத்துவிடலாம்.

படிப்பில் ஆய்வுக் கட்டுரை எழுதும் வாய்ப்பு இருந்தால், இதைவிட்டு வேறு பொருள் தேடாதீர்கள். அந்தச் சங்கம் பிறந்ததற்குப் பின்னணியில், வேலை முடிந்த தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஒரு சபை இருந்தது; செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளை முதலில் கேட்டது அந்தச் சூழலில்தான். பிறகுதான் சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியா வந்தார், திரு.வி.க. வந்தார். அந்தக் காலத்து ஆவணங்களைத் தேட எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் அனுமதிக்கு உங்கள் துறையின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படலாம். அந்த இளம் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களை இந்த ஆண்டே போய்ப் பாருங்கள், காப்பகத்துக்கு அடுத்த ஆண்டும் போகலாம்.